பார்க் வியூ ரோடு, 6-ஆம் எண் வீடு

எரிக் கிளாப்டனின் கிட்டாரை ரசிக்காத ராக் ரசிகர் அபூர்வம். நானும் ரசித்திருக்கிறேன். அந்தக் கிளாப்டன் 1976 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பர்மிங்ஹாம் ஓடியன் அரங்கில் குடிபோதையில் மேடையேறினார். வெளிநாட்டுக்காரர்களை நாட்டை விட்டு அனுப்ப வேண்டும், இனாக் பவல் சொல்வதுதான் சரி என்று ரசிகர்களிடம் பேசினார். பவல் 1968 ஏப்ரலில் இதே பர்மிங்ஹாமில், குடியேறிகள் வந்துகொண்டே இருந்தால் ரத்தம் ஓடும் என்கிற தொனியில் பேசி, தன் கட்சியில் முன்வரிசைப் பொறுப்பையே இழந்தவர். கிளாப்டனுக்கு அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் ஒரு பாட்டு அமெரிக்காவில் முதலிடம் வாங்கிக் கொடுத்திருந்தது. அதை எழுதியவர் ஜமைக்காவின் பாப் மார்லி. கிளாப்டன் வாழ்நாள் முழுக்க வாசித்த ப்ளூஸ் இசையும் அமெரிக்கக் கறுப்பர்கள் பருத்திக்காட்டிலும் சிறையிலும் உண்டாக்கியது. பாட்டு வேண்டும், பாடியவன் வேண்டாம் என்கிற இந்த மனசை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அன்றைக்கும் சிலருக்குக் கோபம் வந்தது. ரெட் சாண்டர்ஸ் என்ற புகைப்படக்காரரும் ரோஜர் ஹடில் என்ற அவருடைய நண்பரும் இன்னும் சிலரும் சேர்ந்து, லண்டனின் இசை வார இதழ்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இனவெறிக்கு எதிராக இசைக்காரர்கள் ஒன்று சேர வேண்டும், விருப்பமுள்ளவர்கள் எழுதுங்கள் என்று அழைத்தார்கள். நூற்றுக்கணக்கில் பதில் வந்து குவிந்தது. 'ராக் எகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் பிறந்தது அப்படித்தான். முதல் கச்சேரி அதே வருஷம் நவம்பரில், கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த பிரின்சஸ் ஆலிஸ் என்ற பப்பில் நடந்தது.

அது எப்படிப்பட்ட காலம் என்று எனக்குப் புரியவைத்தவர், எழுபதுகளில் லண்டனுக்குப் படிக்க வந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ போய் அந்த நாள்களுக்கு வந்தது.

"இருட்டினாப் பிறகு ட்யூப்பில கார்டு நிக்கிற பெட்டியிலதான் ஏறுவம், தம்பி. மற்றப் பெட்டியில ஸ்கின்ஹெட் கூட்டம் ஏறினா ஓட இடமில்லை."

"போலீஸ்ல சொல்ல மாட்டீங்களா, ஐயா?"

"போலீசிட்டயோ? போய் நிண்டா முதல்ல எங்கட பாஸ்போர்ட்டைத்தான் கேப்பாங்கள்."

நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி 1977 லண்டன் மாநகரத் தேர்தலில் ஏறக்குறைய 1,20,000 ஓட்டு வாங்கிய காலம் அது. தெருவில் அடிப்பவன் ஒருபக்கம். புகார் கொடுக்கப் போனால் சந்தேகப்படும் போலீஸ் இன்னொரு பக்கம்.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு சட்டமே இருந்தது. மக்கள் அதைச் 'சஸ்' என்றார்கள். 1824-ஆம் வருஷத்து நாடோடிகள் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. நெப்போலியன் போர்கள் முடிந்து வேலையில்லாமல் திரிந்த சிப்பாய்களையும் பிச்சைக்காரர்களையும் தெருவிலிருந்து அகற்றுவதற்காகப் போட்ட சட்டம். ஒருவன் குற்றம் செய்யும் நோக்கத்தோடு திரிந்தான் என்று இரண்டு போலீஸ்காரர்கள் கோர்ட்டில் சொன்னால் போதும். பறிகொடுத்தவர் தேவையில்லை, பொருள் தேவையில்லை, வேறு சாட்சியும் தேவையில்லை. நம் ஊரில் 'சந்தேக கேஸ்' என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். நூற்றைம்பது வருஷம் கழித்து அந்தச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, பஸ் ஸ்டாப்பில் நின்ற கறுப்பின இளைஞர்கள்மேல் போட்டார்கள். லிண்டன் க்வெஸி ஜான்சன் இந்தக் கொடுமையை வைத்து, சிறையிலிருக்கும் மகன் அம்மாவுக்கு எழுதும் கடிதமாக ஒரு கவிதை எழுதி, ரெகே தாளத்தின் மேல் அதைச் சொல்லிப் பதிவு செய்தார். 'சன்னிஸ் லெட்டா' என்று பெயர். 1979-இல் வந்தது. கேட்டால் தூக்கம் வராது.

ராக் எகெய்ன்ஸ்ட் ரேசிசம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் விக்டோரியா பார்க்கில் போய் நிற்பார்கள். 1978 ஏப்ரல் 30. ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனுக்கு ஊர்வலமாக நடந்தே போய், பூங்காவில் கச்சேரி. எண்பதாயிரம் பேர் என்றும் லட்சம் பேர் என்றும் கணக்குச் சொல்வார்கள். தி கிளாஷ், டாம் ராபின்சன் பேண்ட், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், பர்மிங்ஹாமின் ஹாண்ட்ஸ்வொர்த்திலிருந்து வந்த ஸ்டீல் பல்ஸ். வெள்ளை பங்க் பையன்களுக்கும் கறுப்பர்களின் ரெகேவுக்கும் ஒரே மேடை. இந்த இயக்கம் தன் கச்சேரிகளில் பிடிவாதமாகக் கடைப்பிடித்த விஷயம் அது. தனித்தனிக் கிளப்பில் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரே கூட்டமாக நின்றது சின்ன விஷயமில்லை. படங்களைப் பார்த்தாலே சிலிர்க்கும்.

ஆனால் அந்தப் படங்களோடு கதையை முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்தக் கச்சேரி முடிந்து நாலே நாளில், மே 4 அன்று, அதே கிழக்கு லண்டனின் வைட்சேப்பலில் அல்தாப் அலி என்ற இளைஞரைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். வங்காளதேசத்திலிருந்து வந்து தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், வயசு 25-க்குள்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழி. பத்து நாள் கழித்து ஏழாயிரம் பேர் சவப்பெட்டியின் பின்னால் பிரதமர் வீடு வரை நடந்தார்கள். அந்த ஊர்வலத்தில் கிளாஷ் இல்லை, மேடை இல்லை. ப்ரிக் லேன் பகுதியின் தையல் தொழிலாளர்களும் ஹோட்டல்காரர்களும் இளைஞர்களும்தான் இருந்தார்கள். அந்தக் கோடையில் தெருவில் நேஷனல் ஃப்ரண்ட் பத்திரிகை விற்கும் இடத்தை விடாமல் மறித்து உட்கார்ந்தவர்களும் அவர்களே. செப்டம்பர் 24-ஆம் தேதி பிரிக்ஸ்டனின் ப்ராக்வெல் பார்க்கில் இரண்டாவது பெரிய கச்சேரி நடந்தபோது, அதே நாளில் நேஷனல் ஃப்ரண்ட் கிழக்கு லண்டனுக்குள் ஊர்வலம் போனது. தடுக்க வரவேண்டிய கூட்டத்தில் பெரும்பகுதி தெற்கு லண்டன் பூங்காவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. இந்த விமர்சனத்தை அப்போதே வைத்தார்கள். அது நியாயமான விமர்சனம் என்றே நினைக்கிறேன்.

இசை எங்கே உண்மையில் எதிர்த்து நின்றது என்று கேட்டால், என் விரல் சவுத்தாலைக் காட்டும்.

மேற்கு லண்டனில் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர். ரயில் நிலையப் பெயர்ப்பலகையிலேயே குர்முகி எழுத்து இருக்கும். ஐம்பதுகளில் பஞ்சாபிலிருந்து ரப்பர் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள் கட்டியெழுப்பிய ஊர். ஹிந்திப் படம் போட்ட டொமினியன் தியேட்டரை இந்தியத் தொழிலாளர் சங்கமே விலைக்கு வாங்கி நடத்தியது. அந்தத் தியேட்டருக்குப் பக்கத்தில்தான் 1976 ஜூன் 4-ஆம் தேதி குர்தீப் சிங் சக்கர் என்ற 18 வயசுப் பையனை வெள்ளை இளைஞர் கும்பல் குத்திக் கொன்றது. மனு எழுதிக் காத்திருக்கும் பெரியவர்களின் வழி போதாது என்று சவுத்தால் இளைஞர் இயக்கம் எழுந்தது அதன் பிறகுதான்.

இதே சவுத்தாலில் கரீபியக் குடும்பங்களும் இருந்தன. அந்தப் பிள்ளைகள் சேர்ந்து ஆரம்பித்த ரெகே குழு மிஸ்டி இன் ரூட்ஸ். அவர்கள் பெரிய கம்பெனிகளை நம்பவில்லை. 'பீப்பிள் யுனைட்' என்று கூட்டுறவு மாதிரி ஓர் அமைப்பைக் கட்டினார்கள். பார்க் வியூ ரோட்டில் 6-ஆம் எண் வீடு அதன் இருப்பிடம். ஒத்திகை, ஸ்பீக்கர், மைக் எல்லாம் அங்கே. சொந்தமாக இசைத்தட்டு வெளியிடும் லேபிளும் இருந்தது. அந்த லேபிள் 1979 தொடக்கத்தில் வெளியிட்ட ஒரு தட்டு யாருடையது தெரியுமா? பக்கத்து ஹேய்ஸ் பகுதியின் வெள்ளை பங்க் குழுவான தி ரட்ஸின் முதல் தட்டு. வெள்ளைப் பையன்களுக்கு முதல் வாய்ப்புக் கொடுத்தது கறுப்பர்களின் கூட்டுறவு! மேடையில் ஒருநாள் சேர்ந்து பாடுவதைவிட இது எவ்வளவோ ஆழமான உறவு. ஒருவர் பாட்டுக்கு இன்னொருவர் தன் காசைப் போடுகிறார். ஒரே வேனில் போகிறார்கள், ஒரே ஆம்ப்ளிஃபயரை மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். ராக் எகெய்ன்ஸ்ட் ரேசிசம் மேடைகளில் மிஸ்டி ஏறிய அளவுக்கு ஏறிய குழுக்கள் மிகக் குறைவு.

1979 மே 3 பொதுத்தேர்தல். நேஷனல் ஃப்ரண்டுக்குச் சவுத்தாலில் ஆதரவே கிடையாது. ஆனாலும் ஏப்ரல் 23 அன்று சவுத்தால் டவுன் ஹாலில் தேர்தல் கூட்டம் போடுவோம் என்று அறிவித்தார்கள். ஆத்திரமூட்டுவதைத் தவிர வேறு காரணமே இல்லை. ஊர் மக்கள் பத்தாயிரம் கையெழுத்து வாங்கி, முந்தின நாள் ஈலிங் வரை ஊர்வலமாகப் போய், ஹாலைக் கொடுக்காதீர்கள் என்று கேட்டார்கள். வேட்பாளருக்கு ஹால் கொடுத்தாக வேண்டும் என்று ஈலிங் நகராட்சி சட்டத்தைக் காட்டியது. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு ஊரே கடையடைத்தது. தொழிற்சாலைகளில் வேலை நின்றது. டவுன் ஹால் எதிரே அமைதியாக உட்காருவதுதான் திட்டம்.

போலீஸ் ஏறக்குறைய 2,800 பேர். குதிரைப்படை, ஹெலிகாப்டர், கூடவே ஸ்பெஷல் பேட்ரோல் குரூப் என்ற தனிப்படை. மதியமே ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி வளைத்தார்கள். சொந்த ஊரில் சொந்த வீட்டுக்குப் போக முடியாமல் மக்கள் தெருவில் அடைபட்டார்கள்.

அன்றைக்குப் பார்க் வியூ ரோட்டு வீடு முதலுதவி நிலையமாகவும் சட்ட உதவி மையமாகவும் இருந்தது. டாக்டர்கள், வக்கீல்கள், அடிபட்டு வந்தவர்கள் எல்லாரும் உள்ளே. போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது. மாடியிலும் அறைகளிலும் இருந்தவர்களை வெளியே விரட்டி, மாடிப்படியிலும் வாசல் நடையிலும் இருபுறமும் நின்று லத்தியால் அடித்தார்கள். அந்த வரிசைக்கு நடுவே ஒவ்வொருவராக ஓட வேண்டியிருந்தது. மிஸ்டியின் மேனேஜர் கிளாரன்ஸ் பேக்கருக்கு மண்டை உடைந்தது. நினைவு தப்பி, மருத்துவமனையில் உயிருக்குப் போராடிப் பிழைத்தார். பிறகு ஸ்பீக்கர்களையும் இசைக்கருவிகளையும் அடித்து நொறுக்கினார்கள்.

அந்த ஸ்பீக்கர்களை ஏன் உடைத்தார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். ஸ்பீக்கர் கல் எறியாது. லண்டனில் கரீபிய இளைஞர்களின் சவுண்ட் சிஸ்டத்தைப் போலீஸ் உடைப்பது அதற்கு முன்பே பல முறை நடந்திருக்கிறது. ஆளுயரப் பெட்டிகளை இவர்களே பலகை அறுத்து, ஒயர் இழுத்து, ஒரு வருஷச் சம்பளத்தைப் போட்டுக் கட்டுவார்கள். பப்பிலும் கிளப்பிலும் அனுமதி மறுக்கப்பட்டவர்களுக்கு, ஒருவர் வீட்டு ஹாலில் அந்தப் பெட்டியை வைத்தால் அதுதான் கிளப். அதை உடைத்தால் கூடும் இடமே போய்விடும். உடைத்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

அதே மாலை, சில தெரு தள்ளி, பிளேர் பீச்சின் தலையில் அடி விழுந்தது. நியூசிலாந்துக்காரர், வயசு 33, கிழக்கு லண்டனில் சிறப்புப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். தெருமுனையில் இருந்த ஒரு பஞ்சாபிக் குடும்பம் அவரை உள்ளே கூட்டிப்போய் சோபாவில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தது. அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, பேசவும் வரவில்லை. ஆம்புலன்ஸை அழைத்தார்கள். அந்த இரவே இறந்துபோனார். அவருடைய உடலை டொமினியன் தியேட்டரில் வைத்தபோது ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள்.

அந்தத் தனிப்படையினரின் லாக்கர்களைச் சோதித்தபோது கடப்பாரை, கத்தி, போலீஸ் கொடுக்காத தடிகள் எல்லாம் கிடைத்தன. 1980-இல் மரண விசாரணை 'விபத்து மரணம்' என்று முடிந்தது. போலீசின் உள்விசாரணை அறிக்கை வெளியே வர 2010 ஏப்ரல் வரை ஆயிற்று. அந்தப் படையைச் சேர்ந்த ஒருவர்தான் அடித்திருக்க வேண்டும், அது ஏறக்குறைய நிச்சயம் என்று அதில் எழுதியிருந்தது. முப்பத்தோரு வருஷம்! ஒருவர்மேலும் கொலை வழக்குப் போடவில்லை. பீச்சின் இறுதி ஊர்வலத்துக்கு வந்தவர்களையே போலீஸ் வேவு பார்த்தது என்பது இன்னும் பிந்தி, ரகசியப் போலீஸ் பற்றிய பொது விசாரணையில் தெரியவந்தது. அவருடைய துணைவியார் செலியா ஸ்டப்ஸ் அத்தனை காலமும் விடவில்லை.

வழக்கு மக்கள்மேல்தான் வந்தது. 340-க்கும் மேற்பட்டவர்கள்மேல் குற்றச்சாட்டு. விசாரணை ஊரில் இல்லை, லண்டனின் மறுகோடியில் இருக்கும் பார்னெட்டில். வேலைக்கு லீவு போட்டு, ரயில் மாறி மாறிப் போய் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நிற்க வேண்டும். வக்கீல் வேண்டும், சாட்சி வேண்டும், அபராதம் கட்டக் காசு வேண்டும். 1979 ஜூலையில் ஃபின்ஸ்பரி பார்க்கின் ரெயின்போ தியேட்டரில் இரண்டு இரவு கச்சேரி வைத்தார்கள். கிளாஷ், பீட் டவுன்சென்ட், அஸ்வாட், ரட்ஸ், கருவிகளைப் பறிகொடுத்த மிஸ்டி. 'சவுத்தால் பிள்ளைகள் நிரபராதிகள்' என்பதுதான் கச்சேரியின் பெயர். வசூல் சவுத்தால் வழக்கு நிதிக்குப் போனது. விக்டோரியா பார்க்கைவிட எனக்கு இந்த இரண்டு இரவுகள் பெரியவை.

பாட்டு கோர்ட் செலவைச் சுமப்பது அந்த மண்ணில் அதற்கு இருபது வருஷம் முன்பே தொடங்கியது. 1958-இல் நாட்டிங் ஹில்லில் வெள்ளைக் கும்பல்கள் கரீபியர்களின் வீடுகளைத் தாக்கின. ட்ரினிடாடில் பிறந்து, கம்யூனிஸ்ட் என்று அமெரிக்கா வெளியேற்றிய கிளாடியா ஜோன்ஸ் அப்போது லண்டனில் ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார். 1959 ஜனவரி 30 அன்று, உறையும் குளிரில், செயின்ட் பேன்க்ராஸ் டவுன் ஹாலுக்குள் ட்ரினிடாட் பாணித் திருவிழா ஒன்றை நடத்தினார். விழா மலர் விற்ற வசூலில் ஒரு பங்கு, அந்தக் கலவரத்தில் பிடிபட்ட கறுப்பு, வெள்ளை இளைஞர்களின் அபராதத்துக்கு என்று மலரிலேயே அச்சிட்டிருந்தார். நாட்டிங் ஹில் கார்னிவலின் வேர் அது. 1976-இல் அதே கார்னிவலுக்குள் மூவாயிரம் போலீஸ் இறங்கி அடிதடியில் முடிந்தது தனிக்கதை.

அதே 1958-இல் கொழும்பில் தமிழர்களுக்கு எதிரான கலவரத்திலிருந்து தப்பி லண்டன் வந்து, நேராக நாட்டிங் ஹில் கலவரத்துக்குள் கால் வைத்தவர் ஒருவர் உண்டு: அ. சிவானந்தன். நூலகராக இருந்தவர், பிறகு இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநராகி, 'ரேஸ் அண்ட் கிளாஸ்' இதழைப் பல காலம் நடத்தினார். தனிமனிதர் மனசிலுள்ள வெறுப்பைவிட, சட்டத்திலும் போலீசிலும் அரசிலும் ஊறிப்போன இனவெறிதான் ஆளைக் கொல்லும் என்று விடாமல் எழுதியவர். கச்சேரி பார்த்து ஓர் இளைஞன் மனம் மாறலாம். 'சஸ்' சட்டம் மாறாது. அதை நீக்க கறுப்பினத் தாய்மார்களும் வக்கீல்களும் வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. பிரிக்ஸ்டன் கலவரத்தில் எரிந்த 1981-இல்தான் அது ஒழிந்தது. நேஷனல் ஃப்ரண்ட் 1979-இல் 303 தொகுதிகளில் நின்று எல்லாவற்றிலும் டெபாசிட் இழந்ததற்குப் பாட்டும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். மார்கரெட் தாட்சர் குடியேற்றத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசி அந்த ஓட்டை அள்ளியதும் ஒரு காரணம்.

இசைக்குத் தானாக நல்ல குணம் கிடையாது. 1981 ஜூலை 3 அன்று சவுத்தாலின் ஹாம்ப்ரோ டேவர்ன் பப்பில் 'ஓய்' என்ற பங்க் வகைக் கச்சேரி. வெளியூர்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்திறங்கிய ஸ்கின்ஹெட்டுகள் வழியெங்கும் கடைக்காரர்களையும் பெண்களையும் வம்புக்கு இழுத்தார்கள். ஊர் இளைஞர்கள் திரண்டார்கள். இரவுக்குள் பப் எரிந்து சாம்பலானது. அதுவும் கிட்டாரும் டிரம்ஸும்தான். இன்னொரு பக்கம், 1979 நவம்பரில் அதே ஊரின் ஆசிய, கரீபியப் பெண்கள் சேர்ந்து 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' அமைப்பைத் தொடங்கினார்கள். போலீசோடு மட்டுமல்ல, வீட்டுக்குள் கைநீட்டும் ஆண்களோடும் மோதினார்கள். இன்றும் வேலை செய்கிறார்கள்.

போலீசுக்கும் பாட்டுக்குமான கணக்கு இன்னும் தீரவில்லை. 2005 முதல் லண்டன் போலீஸ் 'படிவம் 696' என்று ஒன்றை வைத்திருந்தது. கச்சேரி வைக்க வேண்டுமா? பாடகர்களின் பெயர், முகவரி, போன் நம்பர், என்ன வகை இசை, வரப்போகிற ரசிகர்கள் எந்த இனம் என்று எழுதித் தர வேண்டும். இனக்கேள்வியைப் பிறகு நீக்கினார்கள். ஆனால் கிரைம் (grime), கராஜ் இசைக் கச்சேரிகள் ரத்தாவது நிற்கவில்லை. 2017 நவம்பரில்தான் படிவம் கைவிடப்பட்டது. ஒன்றரை வருஷம் கூடப் போகவில்லை, 2019 தொடக்கத்தில் தெற்கு லண்டன் டிரில் இசைஞர்கள் இருவருக்கு, தடையை மீறி ஒரு பாட்டைப் பாடியதற்காகச் சிறைத்தண்டனை விதித்து நிறுத்திவைத்தார்கள்.

2019-இல், நாற்பதாவது வருஷத்தில், சவுத்தால் டவுன் ஹால் சுவரில் மூன்று நினைவுப் பலகைகள் வைத்தார்கள். ஒன்று குர்தீப் சிங் சக்கருக்கு, ஒன்று பிளேர் பீச்சுக்கு, ஒன்று மிஸ்டி இன் ரூட்ஸுக்கு. ஜிலேபி வாங்கப் போகிறவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: மிஸ்டியின் 'லைவ் அட் த கவுன்டர் யூரோவிஷன்' ஆல்பத்தில் தொடங்குங்கள். 1979-இல் பெல்ஜியத்தில் மேடையில் பதிவானது. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அதில் பேஸ் காணாமல் போய்விடும், பேஸ் போனால் ரெகேயில் பாதி போய்விடும். அடுத்து லிண்டன் க்வெஸி ஜான்சனின் 'ஃபோர்சஸ் ஆஃப் விக்டரி'யும், பிளேர் பீச்சுக்கான அஞ்சலி இருக்கும் 'பேஸ் கல்ச்ச'ரும். பிறகு ரட்ஸின் 'தி கிராக்' ஆல்பத்தில் 'ஜா வார்' என்ற பாட்டு. கிளாரன்ஸ் பேக்கருக்கு விழுந்த அடியைப் பற்றி, அவருடைய கூட்டுறவு வெளியிட்ட முதல் தட்டால் வெளியே தெரிந்த அந்த ஹேய்ஸ் பையன்கள், ரெகே தாளத்திலேயே பாடியது.